காலையில் கேட்க வேண்டிய கேள்வி

கைப்பந்து ஆடுகிறவர்களின் உடம்பில் ஒரு வாரத்தில் எவ்வளவு உழைப்பு ஏறுகிறது, அதை அந்த உடம்பு எப்படித் தாங்குகிறது என்று கணக்கு வைப்பது என் தொழில். திருப்பதியிலும் சித்தூரிலும் ஆடிப் பழகி, பல்கலைக்கழக அணிக்கும் மாநில அணிக்கும், அங்கிருந்து ரயில்வே, போலீஸ் அணிகளுக்கும் போகிற இளைஞர்கள்தான் என் கணக்கில் இருப்பவர்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. ஆனாலும் இரண்டு ஊர்களிலும் ஆடும் கூட்டம் ஏறக்குறைய ஒன்றே. தமிழும் தெலுங்கும் கலந்து பேசி, இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் வேலூர்ப் பக்கம் என்று எல்லை தாண்டி ஆடப் போகிற கூட்டம். இந்தத் தொழிலுக்குக் கருவிகள் நிறைய வந்துவிட்டன. இடுப்பில் கட்டினால் எத்தனை முறை எம்பினார், எவ்வளவு உயரம் எம்பினார் என்று சொல்லும் கருவி இருக்கிறது. இதயத் துடிப்பைச் சொல்லும் நெஞ்சுப் பட்டை இருக்கிறது. தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் இருக்கிறது. எதையும் நான் ஒதுக்கவில்லை. இருந்தும், ஆட்டக்காரரிடம் காலையில் கேட்கும் நான்கைந்து எளிய கேள்விகளுக்கு நிகரான கருவி எதுவும் இல்லை என்பதே என் முடிவு. அந்தப் பதிலால் ஆட்டக்காரருக்கு நஷ்டம் வராது என்ற உத்தரவாதம் இருந்தால்தான் அந்தக் கேள்விகளுக்கு மதிப்பு உண்டு என்பது அதே முடிவின் மறுபாதி. முதல் பாதியைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாவது பாதியில்தான் வேலை நின்றுபோகிறது.

இந்த ஆட்டத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்மாஷ், பிளாக், ஜம்ப் சர்வீஸ், இப்போது எம்பியே பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் என்று எல்லாமே எம்பி இறங்கும் வேலை. முட்டிச் சில்லுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இருக்கும் தசைநாண்தான் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கிறது. அது புண்ணாகிப் போவதை மருத்துவர்கள் ‘ஜம்பர்ஸ் நீ’ என்கிறார்கள். நார்வேயின் முன்னணி விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கைப்பந்து வீரர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு அந்த நேரத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது. அதே நாட்டில், கைப்பந்துக்கென்றே நடக்கும் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்ந்த 141 மாணவ மாணவியரை ஹோவார் விஸ்னெஸும் ரோவால்ட் பாரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். சேரும்போது முட்டியில் தொல்லை இல்லாத பிள்ளைகள் அவர்கள். 28 பேருக்குப் படிக்கும் காலத்திலேயே தொல்லை வந்துவிட்டது. அதில் 22 பேர் பையன்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்தால் ஆபத்து ஒன்றே முக்கால் மடங்கு அளவுக்கு ஏறியது. வாரத்தில் ஒரே ஒரு செட் போட்டி கூடுதலாக ஆடினால் ஏறக்குறைய நான்கு மடங்கு. 2013-இல் வந்த இந்தக் கணக்கை நம் ஊர் விளையாட்டு விடுதிகளின் சுவரில் எழுதி வைக்கலாம். அந்தப் பள்ளி மாணவர்களின் வயதும் நம் விடுதிப் பிள்ளைகளின் வயதும் ஒன்று. வாழும் முறையும் கிட்டத்தட்ட ஒன்று.

அந்த நார்வே பிள்ளைகளிடம் அதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொன்று என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைக்கிறது. பள்ளியில் சேர்ந்த நாளிலேயே மற்றவர்களைவிட நன்றாக எம்பிய பையன்களுக்குத்தான் பின்னால் முட்டித் தொல்லை அதிகம் வந்தது. பலவீனமான கால் கெடும் என்று நினைப்போம். கெட்டது திறமையான கால். காரணம் ஊகிக்கக் கடினமானதில்லை. உயரம் எம்புகிறவன் இறங்கும்போது தசைநாண் வாங்கும் விசையும் அதிகம். அதோடு, நன்றாக அடிக்கிற பையனுக்கே செட்டர் பந்தைக் கொடுப்பார். அவனையே கல்லூரி அணி கூப்பிடும், பல்கலைக்கழகம் கூப்பிடும், ஊர்ப் போட்டிக்காரர்கள் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். திறமை எங்கே இருக்கிறதோ அங்கேயே செட்களின் எண்ணிக்கையும் குவிகிறது. அதனால் அணி மொத்தத்துக்கும் ஒரே பயிற்சி அட்டவணை போட்டு, எல்லாரும் ஒரே அளவு உழைத்தார்கள் என்று எழுதி வைப்பது கணக்கே ஆகாது.

இந்த நோயின் குணமும் பயிற்சியாளரை ஏமாற்றக்கூடியது. தசைநாண் வலி உடம்பு சூடேறியதும் மங்கிவிடும். மாலை ஆறு மணிக்கு வார்ம்-அப் முடித்துக் களத்தில் நிற்கும் பையனின் ஆட்டத்தில் எந்தக் குறையும் தெரியாது. மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போதுதான் முட்டி தன் நிலைமையைக் காட்டும். எத்தனை வருட அனுபவமுள்ள கோச்சின் கண்ணாக இருந்தாலும் அது பார்ப்பது மாலை ஆறு மணியை. நானும் அந்தக் கண்ணை மதிக்கிறவன்தான். கால் மாற்றி இறங்குவதையும், பிளாக்குக்கு அரை நொடி தாமதமாக எழும்புவதையும் எந்தக் கருவிக்கும் முன்னால் கண்டுபிடிக்கிற கோச்கள் இருக்கிறார்கள். ஆனால் காலை ஆறு மணியில் அந்தப் பையனோடு இருப்பது அவன் மட்டுமே. ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டால்தான் காயம் என்று பதிவு செய்யும் பழைய முறையில் இந்தத் தொல்லை பதிவாகவே ஆகாது, ஏனென்றால் இவர்கள் யாரும் ஆட்டத்தைத் தவறவிடுவதில்லை, வலியோடு ஆடுவார்கள். ஆஸ்லோவில் பென் கிளார்சனும் அவருடைய குழுவினரும் 2013-இல் நான்கு கேள்விகள் கொண்ட வாரப் படிவம் ஒன்றைத் தயாரித்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். கலந்துகொள்வதில் சிரமம் இருந்ததா, பயிற்சியின் அளவைக் குறைத்தீர்களா, ஆட்டம் பாதித்ததா, வலி எவ்வளவு: இவ்வளவுதான் அதில் கேட்கிறார்கள்.

பயிற்சியின் அளவை எழுதுவதற்கு எல்லாருக்கும் எட்டக்கூடிய முறை ஒன்று உண்டு. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் உழைப்பின் கடுமையை ஆளே தன் வாயால் எண்ணாகச் சொல்லும் அளவுகோலை உருவாக்கினார். அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் அதைப் பயிற்சி நேரத்தோடு பெருக்கினார். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, ‘இன்றைக்கு எவ்வளவு கடினம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லு’ என்று கேட்க வேண்டும். நூறு நிமிடப் பயிற்சிக்கு ஏழு என்றால் 700. அந்த எண்ணை யாருடைய எண்ணோடும் ஒப்பிடாமல், அவருடைய போன வாரத்து எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். கூடவே, பெஞ்சில் இருக்கும் இளையவர் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்து, இந்தப் பயிற்சியில் இன்னார் எத்தனை முறை எம்பினார் என்று கோடு போடச் சொல்கிறேன். இரண்டும் சேரும்போதுதான் படம் தெளிகிறது. செட்டரின் கோடுகள் அடுக்கடுக்காக ஏறும். உயரம் குறைவான ஜம்ப்கள் அவை. பின்வரிசையில் பந்தெடுப்பதற்கென்றே நிற்கும் லிபரோவின் பக்கத்தில் கோடே இருக்காது. ஆனால் நூறு நிமிடமும் குனிந்து, விழுந்து, எழுந்து பந்தெடுத்த அந்த லிபரோ எட்டு என்று சொல்லுவார். ஜம்பை மட்டும் எண்ணுகிறவர் அவரை ஓய்வெடுத்தவராக எழுதிவிடுவார்.

இங்கே ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஐரோப்பிய அரங்குகளில் எழுதப்பட்ட படிவங்களில் நம் வெயில் இல்லை. சேஷாசல மலையடிவாரத்தில் மே மாதம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். சூரியன் இறங்கிய பிறகும் பாறையும் சிமெண்டும் அனலை விட்டுக்கொண்டே இருக்கும். டிசம்பரில் ஐந்து என்று சொல்லப்பட்ட அதே பயிற்சி, அதே நேரம், அதே ஜம்ப் எண்ணிக்கை, மே மாதத்தில் எட்டாகிறது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போவதால் இதயம் கூடுதலாக அடிக்கிறது. இரவு தூக்கமும் கெடுகிறது. ஜம்ப் எண்ணும் கருவிக்கு இரண்டு நாளும் ஒன்றுதான். ஆட்டக்காரரின் வாய் மட்டுமே வித்தியாசத்தைச் சொல்கிறது.

அட்டவணையில் ஏறாத உழைப்பு இன்னும் பெரியது. சங்கராந்தி வந்தால் ஊருக்கு ஊர் விளக்கு கட்டி இரவுப் போட்டி. திருவிழா, தலைவர்களின் பிறந்த நாள் என்று வருடம் முழுவதும் பரிசுத் தொகைப் போட்டிகள். சிமெண்டிலோ இறுகிய மண்ணிலோ, இறுதிவரை போகும் அணி ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டம் ஆடும். ஒரு செட் கூடினால் என்ன ஆகும் என்ற நார்வே கணக்கை இந்த இரவுகளின்மேல் வைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில்தான் பையன் ஷூ வாங்குகிறான், வீட்டுக்கும் கொடுக்கிறான். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போனதைச் சொல்லு என்று மட்டுமே கேட்க முடியும். ஓய்வு நாள் என்று அட்டவணையில் எழுதியிருக்கும் நாளில் வேண்டுதலுக்காக அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறித் திருமலைக்குப் போய், நடந்தே இறங்கி வருகிறவர்களும் உண்டு. ஏறுவதைவிட இறங்குவதே தொடைத் தசைக்கும் முட்டித் தசைநாணுக்கும் கடினம்; இழுபட்டபடியே உடலைத் தாங்கும் வேலை அது. புரட்டாசிச் சனிக்கிழமை விரதமும், தேர்வுக்கு முந்தைய இரவும், காட்பாடியில் ரயிலுக்காக உட்கார்ந்து கழித்த இரவும் அப்படியே. இவற்றை எல்லாம் தனித்தனியாகக் கேட்டு மாளாது. கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஆஸ்திரேலியாவில் ஹூப்பரும் மெக்கின்னனும் 1995-இல் நீச்சல் வீரர்களிடமிருந்து எடுத்துக்காட்டிய நான்கு கேள்விகளே போதும்: தூக்கம் எப்படி, களைப்பு எப்படி, மன அழுத்தம் எப்படி, தசை வலி எப்படி. நான் முட்டியைத் தனியாகச் சேர்த்துக்கொள்கிறேன். காரணம் எதுவானாலும் அதன் விளைவு இந்த ஐந்தில் ஒன்றில் வந்து சேர்ந்துவிடும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அன்னா சாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், பயிற்சிச் சுமை ஏறுவதையும் இறங்குவதையும் ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்ற அளவீடுகளைவிட ஆட்டக்காரரின் சொந்த வாய்மொழியே நுட்பமாகவும் சீராகவும் காட்டுகிறது என்று கண்டார்கள். ஆனால் ஒன்று: அந்த வாய்மொழி கலப்படமில்லாமல் வர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்க்க எண் போடச் சொன்னால், முதலில் ஒரு சீனியர் போடும் எண்ணையே வரிசையாக எல்லாரும் போடுவார்கள். தலைமைப் பயிற்சியாளர் முன்னால் வரிசையில் நிறுத்திக் கேட்டால் ‘நல்லா இருக்கேன் சார்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. தனித்தனியாக, எழுந்த அரை மணிக்குள், பக்கத்தில் ஆள் இல்லாதபோது கேட்க வேண்டும்.

‘பசங்க பொய் சொல்லுவாங்க சார்’ என்பதே எனக்கு எதிராக வைக்கப்படும் முதல் வாதம். உண்மைதான், சொல்லுவார்கள். ஏன் சொல்லுகிறார்கள் என்பதுதான் நாம் பேச வேண்டியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்க வேண்டுமானால் மாநிலத்துக்காகவோ பல்கலைக்கழகத்துக்காகவோ ஆடிய சான்றிதழ் வேண்டும். இந்த வருடம் அணியில் இடம் போனால் வயது வரம்பு அடுத்த வருடத்துக்குக் காத்திருக்காது. முட்டி வலி ஏழு என்று எழுதினால் பெயர் அடிபடும் என்ற பயம் இருக்கும்போது, இருபது வயதுப் பையன் இரண்டு என்று எழுதுவது முழுக்க நியாயமான முடிவு. அவனுடைய நேர்மையைக் குறை சொல்லுவதில் பயனில்லை. அந்தப் பதிலுக்கு நாம் வைத்திருக்கும் விலையைத்தான் மாற்ற வேண்டும். அதனால் என் விதி ஒன்றே: காலைப் பதில் தேர்வுக் குழுவுக்குப் போகாது, அது அன்றைய பயிற்சியை மட்டும் மாற்றும். இதற்கு மருத்துவ நியாயமும் இருக்கிறது. முட்டித் தசைநாணுக்கு முழு ஓய்வு மருந்தில்லை. ஓய்வில் அது இன்னும் தளர்ந்துபோகும். ஜம்ப்களைக் குறைத்து, மெதுவான கனமான எடைப் பயிற்சியைத் தொடர்வதே இன்று ஏற்கப்பட்ட வழி. ஆகவே ‘வலிக்குது’ என்று சொன்னவனை வெளியே உட்கார வைக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. அன்று அவன் பந்தெடுப்பான், நின்றபடி சர்வீஸ் போடுவான், ஜிம்முக்குப் போவான். சனிக்கிழமை ஆட்டத்திலும் ஆடுவான். சொன்னதால் நஷ்டம் இல்லை என்று ஒருவன் ஆடிக் காட்டினால் மற்றவர்களின் எண்களும் மாறத் தொடங்கும். அதற்கு ஒரு பருவம் பிடிக்கும். படிவம் கொடுத்த வாரத்திலேயே உண்மை வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இரண்டாவது மாதத்தில் படிவத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது வாதம் பழைய பெருமையிலிருந்து வருகிறது. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வெள்ளி வென்றது. 1986-இல் சியோலில் வெண்கலம். அந்தச் சியோல் அணியில் ஆடியவர் பி. வி. ரமணா, பி. வி. சிந்துவின் தந்தை. மாலினி ரெட்டி, சியாம்சுந்தர் ராவ், ரமணா ராவ் என்று ஆந்திரம் அர்ஜுனா விருதாளர்களை வரிசையாகத் தந்த காலம் 1970-கள். இவர்களுக்கெல்லாம் யார் படிவம் கொடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். அவர்களை நினைத்து நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அவர்கள் ஆடிய ஆட்டம் வேறு. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி என்றிருந்த காலம். எம்பிப் போடும் சர்வீஸ் 1980-களில் பிரேசில்காரர்களால் பரவி, பிறகே எல்லாருக்கும் கட்டாயம்போல ஆனது. லிபரோவே 1998-இல் வந்தவர். அதைவிட முக்கியம், விருதுப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் முட்டி தாங்கியவர்கள். தாங்காமல் இருபத்திரண்டு வயதில் ஆட்டத்தை விட்டவர்களின் பட்டியலை யாரும் வைத்திருக்கவில்லை. ஜெயித்தவர்களை மட்டும் பார்த்து அந்த முறை நல்லது என்று முடிவு கட்டினால், விதைத்ததை மறந்து முளைத்ததை மட்டும் எண்ணுவதாகும்.

மூன்றாவது, படித்தவர்களிடமிருந்து வரும் வாதம்: ஏன் கேள்வி, சூத்திரமே இருக்கிறதே. இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து, 0.8-க்கும் 1.3-க்கும் நடுவில் வைத்தால் காயம் குறையும் என்ற கருத்தை ஆஸ்திரேலியாவின் டிம் காபெட் 2016-இல் பிரபலமாக்கினார். அதன் சாரம் எனக்கு உடன்பாடு: கடின உழைப்பு எதிரியில்லை, பழகாத உழைப்பு திடீரென்று ஏறுவதே எதிரி. கண்காணிப்பு என்றால் பிள்ளைகளைச் சொகுசாக்குவது என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில். நல்ல கணக்கு இருந்தால் இன்னும் கூடுதலாகத்தான் உழைக்க வைக்க முடியும். ஆனால் அந்த விகிதத்தின் கணிதத்தையே பிரான்கோ இம்பெல்லிசேரி போன்ற ஆய்வாளர்கள் பிறகு கடுமையாக விமர்சித்தார்கள். என் மனக்குறை இன்னும் எளிமையானது. சங்கராந்தி இரவுகளின் செட்கள் ஏறாத கணக்கில் வகுத்து வரும் விகிதம் எத்தனை தசமத்துக்குத் துல்லியமாக இருந்தால் என்ன? அந்தச் செட்களை நம்மிடம் சொல்லக்கூடியவர் ஒருவரே. மறுபடியும் அந்த நம்பிக்கையிடம்தான் வந்து நிற்கிறோம்.

பெண்கள் அணிகளில் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு அடுக்கு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைப்பு எட்டு என்று ஒரு பெண் வாரக்கணக்கில் எழுதினால், பயிற்சியைக் குறைப்பதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். பயிற்சியில் பிழையே இல்லாமல் இருக்கலாம். போதுமான உணவில்லாமல் கடுமையாக உழைத்தால் மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு மெலியும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே எச்சரித்தது. ஆனால் இதை ஆண் பயிற்சியாளரின் கைபேசிக்கு எழுதி அனுப்பு என்று பதினெட்டு வயதுப் பெண்ணிடம் சொல்லுவது கேட்காமல் இருப்பதற்குச் சமம். பெண்களிடம் கேட்க ஒரு பெண் இருக்க வேண்டும். சம்பளத்தோடு, அணியோடு பயணம் செய்கிறவராக. மகளிர் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் இருக்கும் திருப்பதியில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அதற்குப் பணம் இல்லை என்று சொல்லும் அணிகள் ஜெர்சிக்குச் செலவு செய்வதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நம் ஆட்டக்காரர் ஒரே அணிக்குச் சொந்தமானவர் இல்லை. 2022 பிப்ரவரியில் ஐதராபாத்தில் பிரைம் வாலிபால் லீக் தொடங்கியதிலிருந்து அணிகளின் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. கல்லூரி, பல்கலைக்கழகம், மாநிலம், வேலை கொடுத்த துறை, லீக்: ஒவ்வொரு முகாமும் அவரைப் புதிதாக வந்தவராகப் பாவித்து முதல் நாளே முழுவேகத்தில் தொடங்குகிறது. எந்த முகாமும் முந்தைய முகாமின் கணக்கைக் கேட்பதில்லை. அதனால் நான் இப்போது நோட்டை ஆட்டக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன். அதில் இரண்டு பகுதி. முன்பகுதியில் தேதி, ஆடிய செட், பயிற்சி நிமிடம், பயணம். ஊர்ப் போட்டியும் அதில் உண்டு. இதை அடுத்த கோச் தாராளமாகப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பின்பகுதியில் காலைப் பதில்களும் முட்டி வலியும். அதை யாருக்குக் காட்டுவது என்பது ஆட்டக்காரரின் விருப்பம். முகாமுக்கு வந்த முதல் நாளில் முன்பகுதியை வாங்கிப் படித்து, போன இரண்டு வாரத்தில் இருபது செட் ஆடி வந்தவருக்கு முதல் மூன்று நாள் ஜம்ப் பயிற்சியைப் பாதியாக்கும் கோச் கிடைத்தால், பின்பகுதியை அவரே எடுத்து நீட்டுவார்.